வாசகர் கேள்வி – பதில்: ஹெரால்ட் பார்க் திடல் காலியானது எப்படி?

குதிரை வண்டிப் பந்தயம் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், ஒரே பொருளைத் தொடும் நான்கை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவின்போது மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளுக்கும் எல்கைப் பந்தயம் வைக்கிறார்கள். சிட்னியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அந்த நகரத்துக்குள்ளேயே குதிரை வண்டிப் பந்தயத்துக்கென ஒரு திடல் இருந்ததாகவும், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்பதாகவும் சொல்கிறார். அது எந்தத் திடல்? கிண்டியில் நடந்த பந்தயத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகர் ஒருவர், சாயல்குடி

பதில்: உங்கள் மைத்துனர் குறிப்பிடுவது ஹெரால்ட் பார்க் திடலை. சிட்னி நகர மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், க்ளீப், ஃபாரஸ்ட் லாட்ஜ் ஆகிய குடியிருப்புப் பகுதிகளை ஒட்டிய தாழ்வான நிலத்தில் அது இருந்தது. 1890-இல் லில்லி பிரிட்ஜ் என்ற பெயரில் அங்கே குதிரை வண்டிப் பந்தயம் தொடங்கியது. பின்னர் எப்பிங் என்று வழங்கிய அந்த இடத்துக்கு, 1929-இல் சைல்ட் ஹெரால்ட் என்னும் பொலிகுதிரையின் நினைவாக ஹெரால்ட் பார்க் என்று பெயர் சூட்டினார்கள். இடையில் 1927-இல், இயந்திர முயலை ஓடவிட்டு அதன் பின்னால் வேட்டை நாய்களைத் துரத்தவிடும் பந்தயமும் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக இதே திடலில்தான் நடந்தது. ஆனாலும் அதன் பெயரை நிலைநிறுத்தியது குதிரை வண்டிதான்.

கிண்டியில் ஜாக்கி குதிரையின் முதுகில் இருந்துகொண்டு அதை நாலுகால் பாய்ச்சலில் விரட்டுவார். ஹெரால்ட் பார்க்கில் சாரதி, சல்கி எனப்படும் இரண்டு சக்கர இலகு வண்டியில், இரு ஏர்க்கால்களின் மேலும் கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு, குதிரையின் வாலுக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்திருப்பார். முக்கியமான வேறுபாடு குதிரையின் நடையில் இருக்கிறது: அது பாயவே கூடாது. முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒருங்கே எழுந்து, அவை ஊன்றியதும் மற்ற இரண்டும் எழுவது ஒரு நடை. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழுவது இன்னொரு நடை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான பந்தயங்கள் இந்த இரண்டாம் நடையில் நடப்பவை. நடை பிசகாமலிருக்க, ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் வார்ப்பட்டையால் இணைத்துவிடுவது வழக்கம். அதையும் மீறிக் குதிரை பாய்ச்சலுக்குத் தாவிவிட்டால், சாரதி லகானை இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பாய்ந்து இடம் பிடித்தால் அந்த இடம் நிற்காது. ஆகவே வேகத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் வேகத்தை நடைக்குள் அடக்கி வைப்பதே அந்தச் சாரதியின் திறமை என்று நான் கருதுகிறேன். சவுக்கை வீசுவதையே திறமையென்று கைதட்டுகிற நம் ஊர்க் கூட்டம் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இந்தப் பந்தயத்துக்கென வளர்க்கப்படும் குதிரை இனம் அமெரிக்காவில் உருவானது. 1879-இல், ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடியில் கடக்க வேண்டும் என்பது போன்ற அளவுகோல்களை வகுத்து, அவற்றுக்குள் வந்த குதிரைகளை மட்டும் அந்த இனத்தின் பதிவேட்டில் சேர்த்தார்கள். அந்த மைல் கணக்கு இன்னமும் அங்கே மாறவில்லை, நம் எல்கைப் பந்தய நோட்டீசுகளில் ‘போய் வர 8 மைல்’ என்று போடுவது மாறாததைப் போல. ஆனால் நம்முடையது தார்ச்சாலையில் நெடுந்தூரம் போய்த் திரும்பும் பந்தயம்; அதில் தாக்குப்பிடிக்கும் திறனே பேசும். ஹெரால்ட் பார்க்கின் ஓடுபாதை ஏறக்குறைய அரை மைல் சுற்று. இரண்டு சுற்றில் ஒரு மைல் முடிந்துவிடும். பார்வையாளர் தம் இருக்கையை விட்டு எழாமலே, புறப்பாடு முதல் முடிவு வரை ஒவ்வொரு முந்தலையும் கண்ணால் காண முடிந்தது. அந்தச் சிறிய சுற்றே அதற்குப் புகழ் தந்தது; பிற்காலத்தில் அதையே அதன் குறையாகவும் சொன்னார்கள்.

கேள்வி: அந்தத் திடலில் ஒரே இரவில் 50,000 பேர் கூடியதாகப் படித்திருக்கிறேன். அவ்வளவு கூட்டம் வந்த இடம் எப்படி விற்பனைக்கு வந்தது? வீட்டுமனை வணிகர்களின் பேராசையன்றி வேறென்ன காரணம் இருக்க முடியும்?
– ஆசிரியை ஒருவர், கீழக்கரை

பதில்: நீங்கள் படித்த எண்ணிக்கை சரியானதே. 1960 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்தும் இன்டர் டொமினியன் தொடரின் இறுதிப் பந்தயத்தைக் காண 50,346 பேர் வந்தார்கள். நியூசிலாந்தின் கடூசியஸ் என்னும் குதிரை வென்றது. ஆனால் காரணத்தைப் பற்றி நீங்கள் கொண்டுள்ள முடிவோடு நான் முழுவதும் உடன்பட மாட்டேன். நிலத்துக்கு விலை பேசப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த இருக்கைகள் காலியாகத் தொடங்கிவிட்டன.

அந்தத் திடலின் பொற்காலத்தைத் தொடங்கிவைத்தது மின்விளக்கு. பெர்த் நகரத்தில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே விளக்கொளியில் வண்டிப் பந்தயம் நடந்துவந்தது. மெல்போர்ன் 1947-இல் அதைத் தொடங்கியது. சிட்னி 1949 அக்டோபர் 1 அன்றுதான் ஹெரால்ட் பார்க்கில் முதல் இரவுப் பந்தயத்தைக் கண்டது. பகலில் நடந்தவரை, சனிக்கிழமைதோறும் ஜாக்கிகள் ஓட்டும் பெரிய பந்தயங்களோடு அது போட்டியிட வேண்டியிருந்தது. இரவுக்கு மாறியபின் போட்டிக்கு ஆளில்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை முடித்து வருபவர்கள் கணிசமாக வாழ்ந்த பகுதி அது. திடலை அடுத்தே 1904-இல் கட்டப்பட்ட ரோசெல் டிராம் பணிமனை இருந்ததால் வண்டி வசதிக்கும் குறைவில்லை. தொலைக்காட்சி 1956-இல்தான் சிட்னிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விளக்குகளின் கீழ் அத்தனை பேர் கூடியதில் வியப்பில்லை.

இந்த வசதிகள் ஒவ்வொன்றாக விலகின. 1956-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், சங்கக் கட்டடங்களுக்குள் காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தது. 1958-இல் அந்த டிராம் பணிமனை மூடப்பட்டது. 1961-இல் சிட்னியின் பழைய டிராம் ஓட்டமே நின்றது. இவற்றையெல்லாம் திடல் தாங்கியிருக்கும். தாங்க முடியாத மாற்றம் 1964-இல் வந்தது என்பது என் கணிப்பு. அதுவரை குதிரையின் மேல் சட்டப்படி பணம் கட்ட விரும்பியவர் திடலுக்குத்தான் வர வேண்டும். தெருமுனையிலும் மதுக்கடையிலும் கள்ளத்தனமாகப் பணம் வாங்கியவர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்றாலும், அது குற்றம். அந்த ஆண்டில் மாநில அரசே டி.ஏ.பி. என்ற முகமையைத் தொடங்கி, ஊர்தோறும் கடை திறந்து, பந்தயப் பணத்தை வெளியிலேயே சட்டப்படி வாங்கத் தொடங்கியது. அதன் வருவாயில் ஒரு பங்கு பந்தயச் சங்கங்களுக்குத் திரும்பி வந்தது. பரிசுத் தொகைகளை நடத்தியதும் அந்தப் பங்குதான்.

இங்கே ஒரு விசித்திரமான நிலைமை உண்டாகிறது. சங்கத்துக்குப் பணம் வந்துகொண்டிருந்தது; நுழைவாயிலில் ஆள் வருவது குறைந்துகொண்டிருந்தது. பிறகு மதுக்கடைகளில் பந்தயங்களை நேரலையாகக் காட்டும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது. பணம் கட்டுபவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இருந்தபடியே கட்டிவிட்டு, அங்கேயே பந்தயத்தைப் பார்த்துவிடலாம் என்றான பிறகு, அந்தப் பந்தயம் நகர மையத்திலிருந்து 3 கிலோமீட்டரில் ஓடினால் என்ன, 60 கிலோமீட்டரில் ஓடினால் என்ன? கூட்டத்தை நம்பி வாழாத திடலுக்கு நகரத்துக்குள் இருக்க வேண்டிய காரணமே இல்லாமல் போயிற்று. நிலத்தின் விலை ஏறியது, இந்த மாற்றம் முற்றிய பிறகு அதன்மேல் வந்து சேர்ந்த காரணம்.

மேலும், விற்றவர் வெளியார் அல்லர். நிலம் நியூ சவுத் வேல்ஸ் குதிரை வண்டிப் பந்தயச் சங்கத்தின் சொந்தச் சொத்து. 2010-இல் மிர்வாக் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 18 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு அது கைமாறியது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று கடைசிப் பந்தயம் நடந்தது. அந்த இடத்தில் இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளும், மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட 3.8 ஹெக்டேர் பொதுப் பூங்காவும் உள்ளன. பக்கத்து டிராம் பணிமனையை இடிக்காமல் செப்பனிட்டு, 2016-இல் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அங்காடியாகத் திறந்திருக்கிறார்கள். டிராம் கொட்டகைக்குக் கிடைத்த மரியாதை பந்தயத் திடலின் கட்டடங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

கேள்வி: திடல் போனதோடு பந்தயமும் போய்விட்டதா? மற்ற நகரங்களில் என்ன நிலை?
– வாசகர் ஒருவர், தொண்டி

பதில்: பந்தயம் போகவில்லை. அதே சங்கம் சிட்னிக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மெனாங்கிளுக்கு மாறியது. அங்கே சுற்று 1,400 மீட்டர். வளைவுகள் அகலமானவை, நேர்பாதைகள் நீளமானவை. ஹெரால்ட் பார்க்கின் இறுகிய வளைவில் உட்புறம் ஓடும் குதிரைக்கு இருந்த சலுகை இங்கே குறைந்து, வேகமான குதிரை வெளிப்புறமாக வந்தும் முந்த முடிகிறது. ஹெரால்ட் பார்க்கில் பிறந்த ‘மிராக்கிள் மைல்’ பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் நடந்த முதல் போட்டியில் ராபின் டண்டி என்ற நியூசிலாந்துப் பெண்குதிரை ஒரு மைலை 1 நிமிடம் 59 விநாடியில் முடித்து வென்றது; அதாவது மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் சற்றே கூடுதலான வேகம். இப்போது மெனாங்கிளில் அதே பந்தயம் 1 நிமிடம் 50 விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. குதிரைக்கும் சாரதிக்கும் புதிய இடம் நல்லதே என்று சொல்லத் தயங்க மாட்டேன். வேலை முடிந்து டிராமில் வந்து இறங்கிய பார்வையாளருக்கு மட்டும் அது நல்லதல்ல.

மெல்போர்னின் கதையும் இதைப் போன்றதே. கண்காட்சித் திடலில் தொடங்கிய இரவுப் பந்தயம் 1976-இல் மூனி வேலிக்குச் சென்று, 2009-இல் நகரத்தின் மேற்கு விளிம்பைத் தாண்டி மெல்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் எல்லா நகரமும் இந்த வழியில் போகவில்லை. பெர்த் நகரத்தில் 1929-இல் திறக்கப்பட்ட க்ளாஸ்டர் பார்க், நகர மையத்தை ஒட்டியபடியே இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பாரிஸில் வான்சேன் வனப்பூங்காவுக்குள் உள்ள திடலில் 1879 முதல் வண்டிப் பந்தயம் நடக்கிறது. 1920-இல் தொடங்கிய ‘ப்ரி தமெரிக்’ என்னும் பந்தயத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதக் கடைசியில் பெருங்கூட்டம் சேர்கிறது. பிரான்சிலும் பந்தயப் பணத்தின் பெரும்பகுதி திடலுக்கு வெளியே கட்டப்படுவதுதான். வேறுபாடு நிலத்தின் உரிமையில் இருக்கிறது: வான்சேன் வனம் 1860 முதல் பாரிஸ் மாநகரத்தின் சொத்து, அதை எந்தச் சங்கமும் கூறுபோட்டு விற்க முடியாது. பொது நிலம் என்பதே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு, அரசின் குத்தகை நிலத்தில் இருந்த நம் கிண்டித் திடலே சான்று. 2024-இல் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே முடிவெடுத்தது அரசு. ஹெரால்ட் பார்க்கில் முடிவெடுத்தது பந்தயம் நடத்தியவர்களே.

கேள்வி: நம் பக்கத்துப் பந்தயங்களில் வண்டிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான இருசக்கர வாகனங்கள் துரத்திக்கொண்டு வருகின்றன, விபத்துக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் இதற்கென நிரந்தரத் திடல் ஒன்று அமைத்தால் என்ன? தரிசாகக் கிடக்கும் மணல் நிலத்துக்குக் குறைவில்லையே.
– கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: நிலம் கிடைப்பதைத் தடையாக நான் பார்க்கவில்லை. ஹெரால்ட் பார்க் போன்ற திடல் ஆண்டு முழுவதும் அடிக்கடி நடக்கும் பந்தயத்தாலும், அதில் புரளும் சூதாட்டப் பணத்தாலும் நின்றது. நம்முடைய பந்தயம் திருவிழாவோடு வருவது. ஒவ்வோர் ஊரும் தன் கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ தன் சாலையில் நடத்த விரும்புமேயன்றி, தன் பந்தயத்தை வேறோர் ஊர்த் திடலுக்கு விட்டுக்கொடுக்காது. ஆண்டில் சில நாள்கள் மட்டும் ஓடும் திடலில் மீதி நாள்களுக்குச் சீமைக்கருவேலம் முளைக்கும்.

மணலும் நீங்கள் நினைப்பதுபோல் உதவாது. ஆழமான மணலில் சக்கரம் புதையும், குதிரையின் தசைநார் கெடும். வண்டிப் பந்தயத் திடல்களில் சன்னமான கல்தூளைப் பரப்பி இறுக்கி, நீர் தெளித்து, வளைவுகளில் வெளிப்புறத்தை உயர்த்தி, மழைநீர் வடிய வழி செய்து வைத்திருப்பார்கள். அந்தப் பராமரிப்பு ஓயாத செலவு.

விபத்து பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதற்குத் திடல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் பந்தயத்தில் கார் உண்டு, ஆனால் அது குதிரைகளுக்கு முன்னால் இருக்கிறது. இருபுறமும் இறக்கை போல விரியும் தடுப்புகளோடு மெல்ல நகர்ந்து, குதிரைகளை ஒரே வரிசையில் கொண்டுவந்து, வேகமெடுத்து விலகிவிடுகிறது. அதன்பின் முடிவுக் கோடு வரை பாதைக்குள் பார்வையாளர் எவரும் நுழைய முடியாது. நம் விழாக் குழுக்கள் நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே, எல்கை வரை சாலையின் குறுக்குப் பாதைகளை அடைப்பதையும், நடுவர் வண்டி தவிர வேறு வாகனம் பின்தொடரக் கூடாது என்பதையும் நிபந்தனையாக வைத்து, மீறிய வாகனம் எந்த வண்டிக்காரரின் ஆதரவாளருடையதோ அந்த வண்டியின் பரிசைக் குறைக்கலாம். அதை இந்த ஆண்டே ஏதாவது ஓர் ஊர் தொடங்கிப் பார்க்கட்டும். உங்கள் மண்டபமே தொடங்கினாலும் சரி.