ஸ்கேல் மாடலில் பெயின்ட் அடித்த பாகங்களை ஒட்ட எந்தப் பசை நல்லது?

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள் என்பதுதான் என் பதில். எந்தப் பசை என்பது அதற்கு அப்புறம்.

1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் ஒன்றில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சக்கரக் கால்களுக்குச் சில்வர், இறக்கையின் அடிப்பக்கத்துக்கு வெளிர்பச்சை எல்லாம் அடித்துக் காயவைத்து, டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற பிளாஸ்டிக் பசையைத் தொட்டுக் கால்களை நட்டேன். மறுநாள் அலமாரிக்குத் தூக்கிப் போகையில் ஒரு கால் பொட்டென்று கழன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் நுனியில் குல்லா போட்ட மாதிரி வெளிர்பச்சை பெயின்ட். இறக்கைக் குழிக்குள் வெறும் சாம்பல் பிளாஸ்டிக். பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பெயின்ட்தான் பிடியை விட்டுவிட்டது.

எக்ஸ்ட்ரா தின் மாதிரியான சிமென்ட் உண்மையில் கரைப்பான். பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும் சேர்ந்தது. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினை இளக்கி இரண்டு முகங்களையும் ஒன்றாக உருக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும். நடுவில் பெயின்ட் இருந்தால் பிளாஸ்டிக் வரை அது சரியாகப் போய்ச் சேராது. அதனால் கத்தி நுனியால் பாகத்தின் காம்பையும் அது செருகும் குழியையும் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் காட்டுங்கள். இப்போதெல்லாம் நான் பெயின்ட் அடிக்கும் முன்பே குழிகளில் ஈர டிஷ்யூவை உருட்டி அடைத்துவிடுகிறேன். காம்பில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. அப்புறம் சுரண்டும் வேலையே கிடையாது.

ஆன்டெனா கம்பம் மாதிரி சுரண்டினால் முறிந்துவிடும் பொடிசுகளுக்கு சூப்பர் குளூ போதும். பெயின்ட் மேலேயே பிடிக்கும். ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் தன்மை. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் போச்சு. பாட்டிலிலிருந்து நேரே வைக்காதீர்கள். ஒரு சொட்டை ஃபாயிலில் விட்டு, பல்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள்.

காக்பிட் கண்ணாடிப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். என் ஸ்பிட்ஃபயரின் விமானி இன்றும் மார்கழிப் பனிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்! கண்ணாடிக்கு நம்ம வெள்ளை ஃபெவிகால்தான். காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும், வழிந்ததை ஈர இயர்பட்ஸால் துடைத்துவிடலாம். பிடி குறைவுதான், ஆனால் அந்த இடத்தில் எடை ஏது?

உலோகப் பாகம், கனமான பாகம் என்றால் இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் ஐந்து நிமிட எபாக்ஸி. நேராக்கி நிறுத்த அவகாசம் கிடைக்கும். அதற்கும் அடியில் பெயின்ட் இருக்கக் கூடாது.

சூப்பர் குளூ வழிந்துவிட்டது என்று நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவிடாதீர்கள். அசிட்டோன் உள்ளது என்றால் பசையோடு பெயின்ட்டும் போகும், அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் இளகும். கார் கிட் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: குரோம் பூசி வரும் பம்பரையும் ஒட்டும் இடத்தில் சுரண்டித்தான் ஆகவேண்டும். குரோம் மேல் வைத்த சிமென்ட் ஒட்டவே ஒட்டாது.