அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி:

நானும் மனைவியும் எட்டு வயது மகளும், இன்னும் மூன்று நண்பர்களின் குடும்பங்களும் சேர்ந்து ஒரே நிலத்தில் ஆளுக்கொரு சின்ன வீடு கட்டிக்கொள்ளப் போகிறோம். ஒவ்வொரு வீடும் 280 சதுர அடி. சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டுவதாகத் திட்டம். படுக்கை மேல்தட்டில், ஏணியில் ஏறிப் போகவேண்டும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கட்டடம்: பெரிய சமையலறை, துணி துவைக்கும் இடம், புத்தக அறை, மரவேலைப் பட்டறை, விருந்தினர் அறை. நிலம் நண்பர் ஒருவருடையது. என் பங்குப் பணத்துக்காக, நாங்கள் இப்போது இருக்கும், அப்பா கட்டிய வீட்டை விற்கிறோம். (அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அவர் என் தங்கை வீட்டில் இருந்துகொள்வார், அவருக்கும் அதுதான் வசதி.) கடன் இல்லாமல், பொருள் சேர்க்காமல், மனிதர்களோடு கூடி வாழவேண்டும் என்பது எங்கள் ஆசை. உறவினர்கள் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? சக்கரத்தின் மேல் கட்டுவது நல்லதா, அஸ்திவாரம் போட்டுக் கட்டுவது நல்லதா?

பதில்:

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுக் கடிதத்தில் பட்டறையில் வைக்கப்போகும் கருவிகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். சலவை இயந்திரம் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று நண்பர்களுக்குள் நடந்த விவாதத்துக்கு இன்னொரு பத்தி. உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி.

சின்ன வீட்டைப் பற்றியும் கூடி வாழ்வதைப் பற்றியும் எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. நோக்கத்தைப் பாராட்டி, தைரியம் சொல்லி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த இரண்டு வரிதான் என்னை விடவில்லை.

"அவருக்கும் அதுதான் வசதி." இதை யார் சொன்னது தம்பி? அம்மா சொன்னாரா, நீங்களே முடிவு செய்தீர்களா? வரைபடத்தை முடித்துவிட்டு, நண்பர்களிடம் சரி சொல்லிவிட்டு, கடைசியாக அம்மாவிடம் போய், "நீ தங்கச்சி வீட்ல இருந்துக்கிறியாம்மா?" என்று கேட்டால் எந்தத் தாய் மாட்டேன் என்பார்? "எனக்கென்னப்பா, நீங்க எங்க வைக்கிறீங்களோ அங்க இருந்துக்கிறேன்" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகனுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்ற பயத்தில் வருகிற பேச்சு அது. சரி, தங்கையைக் கேட்டீர்களா? அவருடைய வீட்டில் எத்தனை பேர், அம்மாவுக்கு எந்த அறை, வேலைக்குப் போகிறவர் என்றால் பகலில் அம்மாவோடு யார் இருப்பார்கள்? இது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

அப்பா கட்டிய வீட்டையும் விற்கிறீர்கள். அம்மா இத்தனை வருடம் பெருக்கித் துடைத்த வீடு. அது போனால்தான் உங்கள் திட்டத்துக்குப் பணம் வரும். ஆக, புது வாழ்க்கைக்கு முதல் போடுவது அம்மா. அந்தப் புது வாழ்க்கையில் இடம் இல்லாததும் அம்மாவுக்குத்தான். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் இருக்கும்வரை அது அவர் வீடு, அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் காரணமாக நீங்கள் காட்டுவது ஒரு ஏணி. அந்த ஏணி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜே ஷேஃபர் என்பவர் 1999இல் நூறு சதுர அடி அளவில் ஒரு வீடு கட்டினார். இன்றைய சின்ன வீட்டு மோகத்துக்கு அவரைத்தான் முன்னோடி என்பார்கள். ஒரு வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் சக்கரம் வைத்தார். சக்கரம் வைத்த வீடு சாலையில் போகவேண்டுமானால், அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் எட்டரை அடி அகலத்தைத் தாண்ட முடியாது. அந்த ஒடுக்கமான பெட்டிக்குள் சமையல், குளியல், உட்கார இடம் எல்லாம் வைத்த பிறகு கட்டிலுக்கு இடம் இருப்பதில்லை. அதனால் படுக்கை மேலே போனது, ஏறுவதற்கு ஏணி வந்தது. ஷேஃபர் அப்போது தனியாள். பிறகு மனைவி, பிள்ளை என்று ஆனதும் அவரே ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு மாறிக்கொண்டார். ஒற்றை ஆளுக்காகப் பிறந்த ஒரு வடிவத்தை, அறுபதைத் தாண்டிய தாய் இருக்கும் குடும்பத்துக்கு அப்படியே எடுத்துவந்துவிட்டு, அம்மா அதில் பொருந்தவில்லை என்கிறீர்கள். உங்கள் நிலத்தில் வீடு ஊர் ஊராகப் போகப்போவதில்லை. எட்டரை அடிக்குள் ஒடுங்கிக் கிடக்க என்ன அவசியம்?

அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் சின்ன வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தது. மேல்தட்டைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடிக்குள் இருப்பது சின்ன வீடு. ஆட்கள் புழங்கும் இடத்தில் கூரை 6 அடி 8 அங்குலமாவது இருக்கவேண்டும். படுக்கைத் தட்டு 35 சதுர அடிக்குக் குறையக் கூடாது. அதற்கு ஏற ஏணி வைத்துக்கொள்ளலாம் என்றும் விதி அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்பதற்காக வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. உங்களுக்கும் வயதாகும். ராத்திரி கழிப்பறைக்குப் போக இரண்டு தடவை இறங்கி ஏறும்போது உங்கள் முழங்காலும் பேசும். காய்ச்சலில் கிடக்கும் மகளை அந்த ஏணியில் தூக்கிக்கொண்டு இறங்குவதையும் யோசித்துப் பாருங்கள். வெப்பக் காற்று மேலே போய்த் தங்கும், கோடையில் அந்தத் தட்டில் தூக்கம் பிடிக்காது.

இப்போது சக்கரமா, அஸ்திவாரமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கான பதிலும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. சக்கரச் சட்டத்தின் மேல் கட்டினால் வீட்டுத் தரை பூமியிலிருந்து ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் நிற்கும். முதியோருக்கும் சக்கர நாற்காலிக்கும் சாய்தளம் போடுகிறவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குல நீளம். இரண்டடி ஏற 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். எட்டரை அடி அகலத்தில் கட்டும் வீட்டின் நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அது. அதனால் அஸ்திவாரம் போடுங்கள். தரையைத் தாழ்வாக வையுங்கள், வாசலில் நிலைப்படி தடுக்கக் கூடாது. கதவைத் திறந்தால் 32 அங்குலமாவது வழி கிடைக்கவேண்டும். குளியலறையில் வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் இருக்கட்டும். கட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள். அகலத்தைப் பதினான்கு அடியாக்கினால் அதே 280 சதுர அடியில் இருபதடி நீளம் கிடைக்கும். ஒரு பக்கம் தடுப்பு வைத்துக் கட்டில் போடலாம். மேல்தட்டில் பெட்டிகளை வையுங்கள், மகள் ஏறி விளையாடட்டும்.

அம்மாவுக்கு அங்கே இடமில்லை என்று நீங்கள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பொதுக் கட்டடத்தில் விருந்தினர் அறை இருக்கிறதே. வருடத்தில் சில நாள் வந்துபோகும் விருந்தாளிக்கு ஏணி இல்லாத அறை ஒதுக்கியிருக்கிறீர்கள். வருடம் முழுக்க இருக்கவேண்டிய தாய்க்கு ஒதுக்கவில்லை. உண்மையில் இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. நான்கு குடும்பங்கள், எட்டுப் பெரியவர்கள் பல மாதம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவை விட்டுவிடுவோம், உங்கள் மனைவியின் அம்மா? நண்பர்களின் அப்பாக்கள்? எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடத் தன்னைப் பெற்றவர்கள் நினைவுக்கு வரவில்லையா?

கூடி வாழ்வது என்று நீங்கள் சொல்வதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. டென்மார்க்கில் யான் குட்மன்ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உங்களைப் போலத்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எதிர்த்ததால் அந்த முதல் முயற்சி நடக்கவில்லை. 1967இல் போடில் கிராய் என்ற பெண்மணி, ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்தவர்கள் ஒன்றுசேர, 1972இல் சேட்டடாமென் குடியிருப்பு உருவானது. தனித்தனி வீடு, நடுவில் பொதுச் சமையலறை. அங்கிருந்துதான் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. இப்போது முதியவர்களுக்காகவே இப்படிக் கட்டும் குடியிருப்புகளும் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு நண்பர் வீடுகளிலிருந்து இன்னும் ஆறு பெற்றோர் கிடைப்பார்கள், நல்லதுதான். ஆனால் எட்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கும் பாட்டியை இழக்கிறாள். பாட்டியை எங்கே அனுப்பினோம் என்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உருகுவேயில் பரஸ்பர உதவிக் கூட்டுறவு வீடுகள் உண்டு. 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் அவற்றுக்கு வழி செய்தது. ஒவ்வொரு குடும்பமும் வாரத்துக்கு 21 மணி நேரம் கட்டுமான இடத்தில் உழைப்பைத் தரவேண்டும். கல் சுமக்க முடியாதவர்கள் காவல் இருக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா உங்கள் வளாகத்தில் இருந்தால், நான்கு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளி விட்டு வரும்போது ஒரு பெரியவர் அங்கே இருப்பார். பட்டறையைவிட அது உங்களுக்கு உபயோகமாக இருக்கும். அவருக்கும் செய்ய வேலை இருக்கும், பேச ஆள் இருக்கும்.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துக்குப் பக்கத்தில் 2015இலிருந்து ஒரு கிராமம் இருக்கிறது. பல காலம் தெருவில் படுத்துக் கிடந்தவர்களுக்கான சின்ன வீடுகள், வாடகை உண்டு. பல வீடுகளில் குழாய்கூடக் கிடையாது, சமையலறையும் குளியலறையும் பொது. அதைத் தொடங்கிய ஆலன் கிரஹாம், ஒரு மனிதர் தெருவுக்கு வருவதற்கு முதல் காரணம் குடும்பத்தை இழப்பதுதான் என்று சொல்லிவருகிறார். நானும் அதை நம்புகிறேன். குடும்பத்தை இழந்தவர்களை ஒன்றுசேர்க்க அங்கே சின்ன வீடு கட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இன்னொரு சிறு வீடு கட்டிக்கொள்ள 2017இலிருந்து விதிகளைத் தளர்த்திவருகிறார்கள். அப்படிக் கட்டுகிறவர்களில் பலர் வயதான அப்பா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் கட்டுகிறார்கள். நீங்கள் சின்ன வீடு கட்டி அம்மாவை வெளியே அனுப்புகிறீர்கள்.

பணம் போதவில்லை என்றால் பாதி கட்டுங்கள். சிலியில் இக்கிகே என்ற ஊரில், கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் நூறு குடும்பங்கள் அளவில் இப்படித்தான் குடியமர்த்தியது. இருந்த பணத்தில் முழு வீடு கட்டவேண்டுமானால் எல்லோரையும் ஊருக்கு வெளியே தொலைவில் தள்ளியிருக்கவேண்டும். பல வருடம் வாழ்ந்த இடத்தையும் வேலையையும் உறவையும் அவர்கள் இழந்திருப்பார்கள். அதனால் அதே இடத்தில் பாதி வீடு கட்டிக் கொடுத்து, மீதிக்கு இடம் விட்டார்கள். மக்கள் தாங்களே பிறகு கட்டிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஓர் அறைக்கு இடம் விட்டு, சுவரில் கதவு வைக்கும் அளவுக்கு நிலை மட்டும் அமைத்துவையுங்கள். முதலில் அம்மா விருந்தினர் அறையில் இருக்கட்டும், பிறகு அந்த அறையைக் கட்டுங்கள்.

நிலம் நண்பர் பெயரில் இருப்பதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அவர் நாளைக்கு இறந்துபோனால் அவருடைய வாரிசுகளோடுதான் நீங்கள் பேசவேண்டும். அமெரிக்காவில் சமூக நில அறக்கட்டளைகள் நிலத்தைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு வழக்கமாக 99 வருடக் குத்தகை எழுதித் தருகின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தில் எது செல்லும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி, பதிவும் செய்துகொள்ளுங்கள். அதே பத்திரத்தில், நான்கு குடும்பங்களில் யாருடைய அப்பா அம்மா வந்து தங்கவேண்டிய நிலை வந்தாலும் கீழ்த்தள அறை முதலில் அவர்களுக்கே என்று ஒரு விதியைச் சேருங்கள். இதற்கு மறுக்கும் நண்பர் யாரென்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அம்மாவிடம் பேசுங்கள். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மனைவியையும் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். தனியாக உட்கார்ந்து, "உனக்கு எங்கே இருக்கணும்?" என்று கேளுங்கள். முதலில் சொல்லும் பதிலை நம்பிவிடாதீர்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். வீட்டை விற்பது பிடிக்கவில்லை என்று சொன்னால் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். மகளோடு இருக்கத்தான் ஆசை என்று அவரே மனதாரச் சொன்னால் போகட்டும், பெண் வீட்டில் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வீடு விற்ற பணத்தில் அவருடைய பங்கை முதலில் அவர் பெயரில் போட்டுவிட்டு, மீதியில் மரம் வாங்குங்கள். தங்கைக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். மருத்துவச் செலவு உங்களுடையது.

உறவினர்களின் கேலிக்குப் பதில் கேட்டிருந்தீர்கள். வீட்டின் அளவைப் பார்த்து அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அம்மா எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் வீட்டை விற்க முன்பணம் வாங்குவதை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், இந்த வாரமே வாங்குபவரிடம் பேசி அவகாசம் கேளுங்கள்.