வீட்டில் பிபி, பல்ஸ், மூச்சு பார்ப்பது: சிஸ்டரிடம் கேளுங்கள்

அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கலாம். மாத்திரையைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பிபி 156, உடனே மறுபடி பார்த்தால் 141, மூன்றாவது முறை 148. மிஷின் போச்சா சிஸ்டர்?

போகவில்லை. ரத்த அழுத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்பா கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்திருப்பார். சட்டைக் கையைத் தோள்வரை இறுக்கிச் சுருட்டிவிட்டுப் பட்டையைக் கட்டுவார்கள். மிஷின் ஓடும்போதே "காபி குடிச்சாச்சா?" என்று கேட்பார்கள், அவரும் பதில் சொல்வார். இதில் ஒவ்வொன்றும் எண்ணைக் கெடுக்கும்.

சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். காபி, பீடி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதுகு சாய, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும். பட்டை வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கையைத் தலையணைமேல் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அதிகம் என்று கணக்கு. கிளினிக்கில் அது 140/90.

பதற்றத்தில் பத்து முறை அழுத்தாதீர்கள். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் எது இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு ஆக்ஸிஜன் 84 காட்டுகிறது. ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

விரல் ஜில்லென்று இருக்கிறதா, நெயில் பாலிஷ் இருக்கிறதா பாருங்கள். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். ஆக்ஸிமீட்டரில் வரும் பல்ஸும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் பல்ஸும் ஒத்துப்போகாவிட்டால் அந்த 84-ஐ நம்ப வேண்டாம். ஒத்துப்போய், அப்போதும் 90-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரிதான். பழைய நுரையீரல் நோய்க்காரர்களுக்கு டாக்டரே 88 முதல் 92 வரை போதும் என்று சொல்லியிருக்கலாம், அது தனி. மூச்சை எண்ணினீர்களா? எல்லோரும் மிஷினைப் பார்க்கிறார்கள், நெஞ்சைப் பார்ப்பதில்லை.

கேள்வி: அதை எப்படி எண்ணுவது? எண்ணப்போகிறேன் என்றாலே அம்மா வேகமாக மூச்சு விடுகிறார்.

சொல்லாதீர்கள். பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டை விரல் வேண்டாம், அதில் உங்கள் துடிப்பே தெரியும். முதலில் பல்ஸை எண்ணுங்கள். பிறகு கையை விடாமலே, வயிற்றின் மேல் கிடக்கும் சேலை மடிப்பைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள், கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். படுத்து ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20. திரும்ப எண்ணியும் 25-க்குக் குறையவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியாவில் ஜுரமே வராமல் போகலாம், மூச்சுதான் முதலில் ஏறும்.

கேள்வி: டிஜிட்டல் பிபி மிஷினை நம்பலாமா?

மேல் கையில் கட்டும் மிஷின் என்றால் நம்பலாம். பட்டை கைக்குச் சரியான அளவா என்று பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும்.

ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஒருவர்: தவறு அம்மா. பாதரசம்தான் உண்மை. டிஜிட்டல் எல்லாம் பொம்மை.

ஐயா, பாதரசம் பொய் சொல்லாதுதான், ஆனால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பவர் காது? வார்டு சார்ட்டில் எத்தனை பிபி 130, 140, 150 என்று பூஜ்யத்திலேயே முடிந்தது என்று உங்களுக்கும் தெரியும். தவிர, பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் போட்ட 2013 மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகமே பாதரசக் கருவிகளைக் கைவிட்டு வருகிறது. உடைந்தால் வீட்டில் யார் பொறுக்குவது?

அவரே: துடிப்பு தாறுமாறாக இருக்கும் நோயாளிக்கு டிஜிட்டல் என்ன செய்யும்?

இது நல்ல கேள்வி. தடுமாறும். டிஜிட்டல் மிஷின் பட்டைக்குள் வரும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது, துடிப்பு ஒழுங்காக இல்லாதபோது கணக்கு ஆட்டம் காணும். மூன்று முறை பார்த்து சராசரி எடுக்க வேண்டும், துடிப்பு தாறுமாறு என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்காக ஊரில் எல்லோருக்கும் பாதரசம் வாங்கிக் கொடுக்க முடியாது, ஐயா.

வேறொருவர்: மணிக்கட்டு மிஷின்?

கை நெஞ்சு மட்டத்தை விட்டு இறங்கினால் பிபி கூடும், ஏறினால் குறையும். வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு பிபி ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. மிஷின் கோளாறா?

முதல் பதில்.

கேள்வி: டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் பிபி பார்க்கலாமா?

கூடவே கூடாது. எதிர்க் கையில் பாருங்கள். ஊசி போட, ரத்தம் எடுக்க யார் வந்தாலும் அந்தக் கையைக் காட்டி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்குளில் 99.5. ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளலாமா?

கூட்டாதீர்கள். "அக்குள் 99.5" என்று எழுதுங்கள், டாக்டருக்குப் புரியும். நாக்குக்கு அடியில் வைப்பதாக இருந்தால் சூடாகக் குடித்து அரை மணி ஆகட்டும்.

கேள்வி: எந்த சுகர் மிஷின் நல்லது?

இன்று சுகர் இல்லை.

கேள்வி: பிபி ஏறி இறங்குகிறது சிஸ்டர்...

மேலே படியுங்கள், தயவுசெய்து.

கேள்வி: தாத்தாவுக்கு எழுந்தவுடன் தலை சுற்றுகிறது. உட்கார வைத்துப் பார்த்தால் பிபி சரியாக இருக்கிறது.

உட்கார வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு முறை பாருங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுப்பி நிறுத்தி ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்று நிமிஷத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும். கண் இருட்டுகிறது என்றால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், மூன்று அளவையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிபி மாத்திரையும் செய்யும், ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் செய்யும்.