பெருஞ்சீரகத்துக்குப் பக்கத்தில் தக்காளி தேறாதது ஏன்?

வணக்கம். தக்கலைப் பக்கம் வீட்டு விளையில் தக்காளிக்கும் பயறுக்கும் இடையிடையே பெருஞ்சீரகம் விதைத்தீர்கள், அதை ஒட்டிய செடிகள் மட்டும் குறுகி நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். உரத்தைக் கூட்டாதீர்கள், குறை அங்கே இருப்பதாகத் தெரியவில்லை.

பெருஞ்சீரகத்தின் சாறு மற்ற விதைகளின் முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தோட்டத்தில் அதன் உயரமும் பெரிய வேரும் சேர்ந்து வெளிச்சத்தையும் ஈரத்தையும் பங்குபோடும். எனக்கும் ஒருமுறை கத்தரி இப்படித்தான் நின்றுபோனது. வெட்டிய பெருஞ்சீரகத் தழையை அதே பாத்தியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டிருந்தேன், அது இன்னும் தப்பு.

ஆனால் செடியை அழித்துவிடாதீர்கள், பாவம். பூக்கும்போது பொறிவண்டும், தேனீ போல வரிபோட்டு அந்தரத்தில் நிற்கும் சின்ன ஈக்களும் தேடி வரும். அந்த ஈக்களின் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். பயறு போடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. அதனால் நாலைந்து அடி தள்ளி, வேலியோரம், வெயில் படும் இடத்தில் தனியாக வையுங்கள். தென்னை நிழல் ஆகாது.

இப்போது இருப்பதைப் பிடுங்கி நட வேண்டாம். ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது கடினம். தக்காளியை ஒட்டியதை மட்டும் அடியோடு எடுத்து, தழையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டல்லவா? ஐப்பசி அடைமழை ஓய்ந்தபின் மேட்டுப்பாத்தியில் நேரடியாக விதையுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.