சங்கிலியை அடகு வைக்கலாமா, கம்பெனிக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் வேலை பார்த்து வந்தார், சென்ற ஆண்டு மாரடைப்பில் காலமாகிவிட்டார். எனக்கு வயது 36, பத்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மகளும் ஆறாம் வகுப்பில் மகனும் படிக்கிறார்கள்; மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். தையல் கற்று, 3 பவுன் சங்கிலியை அடகு வைத்து மிஷின் வாங்கி, வீட்டிலேயே தைக்கலாம் என்று நினைக்கிறேன். என் அண்ணனோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமைதோறும் சம்பளம் வரும் என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: அடகுக் கடைக்கு முன்பாக, உங்கள் கணவர் வேலை பார்த்த மில்லுக்குப் போய் வாருங்கள். அவருக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால், சேர்ந்திருக்கும் தொகையோடு, உங்களுக்கு மாத ஓய்வூதியமும், 25 வயதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியமும், பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்பதால் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய்வரை காப்பீடும் உண்டு. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் ஓய்வூதிய உரிமை போகாது. அவருடைய வங்கிப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது 2 லட்சம் ரூபாய்க்கான ஆயுள் காப்பீட்டுக்கு உரிய சந்தாவாக இருக்கக்கூடும். துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் இதை எடுத்துச் சொல்பவர் அரிது.

அடுத்தது தையல். உங்கள் அண்ணன் சொல்லும் தையலும் நீங்கள் நினைக்கும் தையலும் ஒன்றல்ல. கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தோள் சேர்ப்பவர் பெரும்பாலும் தோள்தான் சேர்ப்பார், பிளாட்லாக் மிஷினில் கீழ்மடி அடிப்பவர் கீழ்மடிதான் அடிப்பார்; கைவேகம் கூடுமே தவிர, வெட்டும் வேலை கட்டிங் மாஸ்டரோடு நின்றுவிடுவதால், பல ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கும் ஒரு ரவிக்கையை அளவெடுத்து வெட்ட வராமல் போகலாம். ஊரில் தைப்பவருக்கோ வெட்டுதான் தொழில். அக்குளில் சுருக்கம் விழுந்தால் அந்த வீட்டுத் துணி அடுத்த முறை வேறொருவரிடம் போய்விடும்.

ஆகவே வெட்டையும் சேர்த்துக் கற்றுத் தரும் இடத்தில் முதலில் சேருங்கள். கனரா வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் தையல் பயிற்சி கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், முடித்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தொடர்பில் இருந்து வங்கிக் கடனுக்கு வழிகாட்டுவார்கள். அந்த ஒரு மாதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் சம்மதிக்க வேண்டும். அவரிடம் நீங்களே பேசுங்கள், அண்ணனைத் தூது விட வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும், என் கருத்தில், ஓரிரு ஆண்டுகள் கம்பெனிக்குப் போவதே நல்லது. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களில் நம் பக்கம் கல்யாணங்கள் நடப்பதில்லை, ரவிக்கைத் துணியும் வருவதில்லை. பள்ளிக்கூடச் செலவு மாதம் பார்த்து வராது. சேரும்போதே பி.எப். எனும் வருங்கால வைப்பு நிதியும், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் பிடிப்பார்களா என்று கேளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், பிள்ளைகளுக்கும் மருத்துவம் கிடைக்கும். ஒன்றரை ஷிப்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு எட்டரைக்கு வேலை முடிந்து, வேன் உங்களைக் காங்கேயத்தில் இறக்கிவிடும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தைத்துப் பழகுங்கள். மிஷினுக்காகச் சங்கிலியைத் தொட வேண்டாம். கணவரை இழந்த, 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், எத்தனை மாதச் சான்று செல்லும் என்பதையும் வருமான வரம்பையும் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகளே இருப்பதால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: நானும் கணவரை இழந்தவள். ஆரி வேலை கற்றுத் தந்து, செய்து கொடுப்பதைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– மற்றொரு வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாம். வளர்த்துக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற பேச்சை நம்பி ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்கள் 2012-ல் உங்கள் ஊரில்தான் தெருவில் நின்றார்கள். பயிற்சிக் கட்டணம் மட்டும் வாங்குபவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கல்யாண ரவிக்கை தைக்கும் ஈரோட்டு டெய்லர் கடைகளுக்கு மாதிரித் துண்டுகளோடு நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்.