சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்கேயும் வரியா?

கேள்வி: 12 வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு 2024 செப்டம்பர் முதல் வாரம் ஊரோடு வந்துவிட்டேன். இப்போது ஆரியங்காவு தாண்டி புனலூரில் வேலை. ஏப்ரலிலிருந்து அங்கே வாங்கிய சம்பளத்துக்கும் இங்கே வரி கட்டணுமா, ஐயா? – வாசகர், செங்கோட்டை

பதில்: பயப்படாதீங்க தம்பி. மார்ச் 31 வரை கணக்குப் பார்த்தால் நீங்கள் இந்தியாவில் இருந்த நாட்கள் 182-ஐத் தாண்டிவிடுகிறது, அதனால் அந்த நிதியாண்டுக்கு வரிக் கணக்கில் நீங்கள் 'குடியிருப்பவர்'தான். ஆனால் முந்தைய ஏழு வருஷத்தில் லீவுக்கு வந்துபோன நாட்களெல்லாம் சேர்ந்து 729-ஐத் தாண்டவில்லை என்றால் 'சாதாரணமாகக் குடியிராதவர்' என்று ஒரு சலுகைப் பிரிவு இருக்கிறது, அதில் வந்துவிடுவீர்கள். அங்கே உழைத்து அங்கேயே கையில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. நேராக இந்திய வங்கிக் கணக்கில் போடச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு. புனலூர் சம்பளம், இங்குள்ள வட்டி, வாடகைக்கு வழக்கம்போல வரி உண்டு. வருமான வரிக் கணக்குக்கு ஐடிஆர்-1 படிவம் போடாதீங்க, உங்களுக்கு அது செல்லாது, ஐடிஆர்-2 தான். சிங்கப்பூர் பக்கம், வேலையை விடும்போதே கம்பெனி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைத்து வரியை முடித்திருக்கும். வரி முடித்ததற்கான அந்தக் காகிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். அப்புறம், பலர் கோட்டைவிடுவது என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கு: திரும்பி வந்ததும் வங்கியில் சொல்லிச் சாதாரணக் கணக்காக மாற்றணும். இனி அந்த வட்டிக்கும் வரி உண்டு.