சிங்கப்பூரிலிருந்து தேவகோட்டை வீட்டைச் சீரமைக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் ஐயா காலத்து வீட்டில் எங்கள் பங்குக்கு வளவை (முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி) ஒட்டி இரண்டு அறைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் குளியலறையாக்க நினைக்கிறோம். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். சென்னை வடிவமைப்பாளர் ஒருவர் வீடியோ காலிலேயே எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: வரைபடத்துக்கு நம்பி இறங்கலாம். அளவுக்கு மட்டும் நேரில் ஆள் வேண்டும்.

நானே பட்டிருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு போனில் வந்த அளவை வைத்து அலமாரி வரைந்து கொடுத்தேன். அகலம் 9 அடி 4 அங்குலம் என்றார்கள். ஆசாரி செய்து கொண்டுபோனால் உள்ளே நுழையவில்லை. அந்த அளவு வாசல் பக்கத்துக்குச் சரி. உள்பக்கம் 9 அடி 1தான். அளந்தவரைக் குறை சொல்ல முடியாது, எங்கே அளந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையையும் இரு முனையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் டேப்பை இழுக்க வேண்டும். குறுக்களவு இரண்டும் ஒத்துவராவிட்டால் அறை கோணல். நிலைக்கதவு ஓரத்தில் சுவரின் கனம் தெரியும், அதையும் குறிக்கட்டும். தரை மட்டத்துக்கு அவரிடம் இருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும்.

இனி குளியலறை. வளவை ஒட்டி அது வேண்டாம் என்பதே என் கருத்து. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், பிறகு வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் ஈரம் போக வழியில்லாமல் அடுத்த அறைச் சுவரில் உப்புப் பூக்கும், பூச்சு உதிரும். வீட்டின் பின்பக்கம், கடைசிக் கட்டுப் பகுதியில் இடம் கிடைத்தால் பங்காளிகளிடம் பேசிப் பாருங்கள். எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது. இடம் கிடைக்காவிட்டால், பழைய சுவருக்கு உள்பக்கம் சிறிது இடைவெளி விட்டுத் தனிச் சுவர் எழுப்பி, குழாய்களை அதில் ஓட்டச் சொல்லுங்கள். பழைய சுவரைக் குடைய விடாதீர்கள். முற்றத்து மழைநீர் போகும் வடிகாலில் கழிவுக் குழாயை இணைக்கவே கூடாது.

மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) என்றால் தண்ணீர்த் தொட்டிக்கு வேறு இடம் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. பழைய மர உத்தரத்தின் நிலையை வீடியோவில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

ஆத்தங்குடிக் கல் ஆசை இருந்தால் குளிக்கும் இடத்தை விட்டு, உடை மாற்றும் பக்கம் பதியுங்கள். சூளையில் சுடாத சிமெண்ட் கல் அது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். போன் திரையில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாமல், ஒரு கல்லைக் கூரியரில் வரவழைத்துப் பாருங்கள்.

கட்டணம் பேசும்போது, அழகான 3டி படத்துக்கு மயங்காமல், கொத்தனார் கையில் கொடுக்கும் குழாய், மின்சார வரைபடங்கள் உண்டா, எத்தனை முறை திருத்தித் தருவார் என்று கேளுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்.

ஊரில் காலை 9 மணி, உங்களுக்கு 11.30. வேலை நடக்கும் நாட்களில் அந்த நேரத்தில் வீடியோ காலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். தரைக்கடியில் போகும் குழாயை மூடுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்து சேர்ந்த பிறகு மூடட்டும்.